மூன்றாம் வளைவு

தோலோன் கணவாய் ஏறும்போதெல்லாம்
மூன்றாம் வளைவில் நின்றுவிடும் இந்த உவாஸ்.
கார்புரேட்டரைத் திட்டினோம்.
பம்ப்பை இருமுறை மாற்றினோம்.
பெட்ரோலில் தண்ணீர் கலந்தானென்று
பங்க்கார ஷாய்லோபெக்கோடு
ஒரு குளிர்காலம் முழுக்கப் பேச்சில்லை.

இன்று கொழுந்தன் மெதெர்பெக்
அடியில் படுத்து வடிதிருகைத் தளர்த்துகிறான்.
பேட்டரி வயரைக் கழற்றியாச்சு,
அவன் சிகரெட் பெட்டி என் பையில்.
முதலில் தெளிவாக, பிறகு தேநீர் நிறத்தில்,
கடைசியில் செந்துரு கலங்கி
வாளிக்குள் இறங்குகிறது,
கொஞ்சம் அவன் முழங்கை வழியாகவும்.

டாங்கியை இறக்கி
வெயிலுக்கு வாய்காட்டிச் சாய்க்கிறோம்.
தகடு நன்றாகத்தான் இருக்கிறது.
குலுக்கினால் மட்டும்
உள்ளே ஏதோ நகர்கிறது.

ஒரு குச்சி.
விரல் நீளம், தோல் உரிந்து
மீன்முள் மாதிரி வழுவழுப்பாய்.

அளவுமுள் செத்த வருஷம்
வில்லோக் கிளை ஒடித்து உள்ளே விட்டு
ஈரம் எதுவரை என்று பார்த்தவள் நான்.
பாதிதான் கையோடு வந்தது.
மீதியை யாரும் கேட்கவில்லை.

"என்ன மரம் இது?"
மோந்து பார்க்கிறான் மெதெர்பெக்.
"பெட்ரோல் வாசம்தான் வருகிறது" என்கிறேன்.

டாங்கியை மாட்டியதும்
ஷாய்லோபெக்கிடம்தான் நிரப்ப வேண்டும்.
வேறு பங்க் நாற்பது கிலோமீட்டர்.
சலாமை
நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.