தன்மை ஒருமை

எங்கள் தொழிலில் முதல் விதி:
பேசுகிறவர் நான் என்றால் நீயும் நான் என்று சொல்.
"அவர் சொல்கிறார்" என்று ஒதுங்கி நிற்கக் கூடாது.
சைப்ரஸின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே
இருபத்தொரு வருடம் இப்படித்தான் பிழைப்பு.
குடிநீர்க் குழாய், ஆடுகளுக்குத் தடுப்பூசி, மின்சாரப் பாக்கி,
எதற்கும் கூசாமல் நான் ஆகிப் பழகியவள்.

நிக்கோசியாவில், எவருக்கும் சொந்தமில்லாத அந்தக் கீற்றில்,
மணல்மூட்டைகளில் புல் முளைத்த தெருவின் கோடியில்
மேஜை போட்டிருந்தார்கள்.
ஒரு பக்கம் ஹம்பிஸ், கிரேக்கர், எழுபத்து நான்கு வயது,
மருந்துக்கடைப் பை மடியில்.
எதிரே பெம்பே, துருக்கியர்,
கைப்பையின் கொக்கியைத் திறந்து, மூடி, திறந்து.
நடுவில் நான். இரண்டும் அல்லாத மரோனைட் ஊர்க்காரி.
எங்கள் வீட்டு அரபியில் யாரும் யாரிடமும்
இதுவரை மன்னிப்புக் கேட்டு வந்ததில்லை.

ஹம்பிஸ் தொடங்கினார்.
அறுபத்து நாலு. எனக்குப் பதினான்கு வயது.
துப்பாக்கியோடு வந்தவர்கள்
தச்சன் ரேஷாத் வீடு எது என்று கேட்டார்கள்.
காட்டினேன்.

அந்தச் சொல்லின் வாலில் ஒரு ஏன் இருந்தது.
அதுதான் ஆள். அதுதான் கேள்வியும்.
என் வாயருகே வந்ததும் பயந்துவிட்டேன்.
'காட்டும்படி ஆகிவிட்டது' என்றேன் துருக்கியில்.
ஆளில்லாத வினை.
காற்று கதவைத் தள்ளியது போல.

பெம்பே கொக்கியை மூடினார்.
கோலி விளையாடிக் கற்ற பழைய கிரேக்கத்தில்
என்னைப் பார்த்துச் சொன்னார்:
"அவர் அப்படிச் சொல்லவில்லை, பெண்ணே.
காட்டினேன் என்றார். சரியாகச் சொல்.
ரேஷாத் என் அண்ணன்."

முதல் வார்த்தையிலிருந்தே எல்லாம் புரிந்திருக்கிறது.
பிறகு எதற்கு நான்?
அதைக் கேட்கவில்லை. மன்னியுங்கள் என்றேன்.
அன்று முழுக்க என் சொந்த வாயால் சொன்னது அது ஒன்று.
உடனே ஏற்கப்பட்டதும் அது ஒன்றுதான்.

மறுபடி சொன்னேன்: காட்டினேன்.
மரச்சீவல் சுருண்டு ஓடும் ஒரு முற்றம்
என் நாக்கில் வந்து நின்றது.

"எந்தக் கையால்?" என்றார் பெம்பே.
ஹம்பிஸ் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தார்.
மாறி மாறிப் பார்த்தார்.
அறுபது வருடத்தில் அது மட்டும் நழுவிவிட்டிருந்தது.
அப்போதுதான் அழுதார்.

பிறகு பெம்பேயின் முறை. துருக்கியில், தரையைப் பார்த்து:
எழுபத்து நாலு, ஆகஸ்ட். ஜன்னலில் நின்றேன்.
டிராக்டர் வெளிச்சத்தில் உங்கள் அப்பாவைக்
கரோப் மரத்தடியில் இறக்கினார்கள். பார்த்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
செப்டம்பர்தோறும் அந்த மரத்தை உலுக்கிப்
பாகு காய்ச்சினேன். பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

இம்முறை ஓர் எழுத்தையும் மெழுகவில்லை.
நின்றேன், பார்த்தேன், காய்ச்சினேன், கொடுத்தேன்.
சொல்லவில்லை என்பதற்கு மட்டும் அந்த வால் கிடையாது;
அதன் முன்னால் ஒரு 'நான்' எடுத்து வைத்தேன்,
கனமாக இருந்தது.

"மரம் இருக்கிறதா?"
"இருக்கிறது."
"காய்க்கிறதா?"
"போன வருடம் ரொம்ப."

இரண்டு மொழியிலும் மன்னித்தேன் என்ற வினையைத்
துடைத்துத் தயாராக வைத்திருந்தேன்.
யாரும் கேட்கவில்லை.
ஹம்பிஸ் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார்.
இது சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா
என்று பெம்பே கேட்டார், கிரேக்கத்தில், என்னைத் தாண்டி.
தோண்டுகிறவர்கள் வியாழக்கிழமை வருவார்களாம்.
தானும் வரலாமா என்று ஹம்பிஸ் கேட்க,
வேலி முள் குத்தும், கனமான செருப்புப் போடுங்கள் என்றார்.

படிவத்தில் நேரம் எழுதினேன்:
இரண்டு மணி இருபது நிமிடம்.
சாவடியில் பையன் ஒருவன் அடையாள அட்டை கேட்டான்.
எந்தக் கையால் நீட்டுவதென்று
சற்று நேரம் எனக்குத் தெரியவில்லை.