விட்ட மணி

உசிலம்பட்டி தேனி ரோட்டில் நான் வாங்கிய கடையில்
இப்போது லாரி பேட்டரி விற்கிறேன்.
முன்பு அது பீர்கனி ராவுத்தரின்
வாடகை சைக்கிள் நிலையம்.
பரணைக் காலி செய்தபோது
எலி தின்றது போக மிச்சம் ஒரு பேரேடு.

நம்பர், பெயர், எடுத்த மணி, விட்ட மணி.
சுபானு வருஷம் ஆவணி ஆறு
(கூகுளில் பார்த்தேன், 1943):
ஏழாம் நம்பர். ஒச்சப்பன், கவணம்பட்டி.
எடுத்தது காலை ஐந்தரை.
விட்ட மணிக் கட்டத்தில்
"மணி இல்லை."

நேரம் குறிக்க மறந்துவிட்டார் போல என்று
பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

மறுநாள்:
"ஏழாம் நம்பர் மதுரையிலிருந்து
கரி பஸ் கூரையில் வந்தது. ஆள் வரவில்லை.
பட்டாளத்தில் சேர்ந்துவிட்டானாம்.
ஹேண்டில்பாரில் சீட்டு கட்டியிருந்தது:
செல்லம்பட்டியில் செயின் கழன்றது, மாட்டிவிட்டேன்,
வாடகையை வந்து தருகிறேன்."

அந்த இருபத்து நாலு மைலை
ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய்ப் பார்த்தேன்.
ஆவணியில் மேல்காற்று முதுகில் தள்ளும்.
பாதி தூரம் காற்றுதான் மிதித்திருக்கும்.
வயதைக் கூட்டிச் சொன்னானா,
எடை காணாமல் வாசலில் நின்று
பழம் பழமாய்த் தின்றானா,
பேரேட்டில் அதெல்லாம் இல்லை.

பிறகு பஞ்சர், பெடல், பிரேக் கட்டை.
ஏழாம் நம்பர் யார் யாரோடோ
போய்ப் போய் வருகிறது.

தாரண வருஷம் பங்குனி:
"ஒச்சப்பன் அக்காள் மாயக்காள் வந்தது.
கடுதாசி இங்கிலீஷ். போஸ்ட்மாஸ்டர் படித்தார்.
பர்மாவில் சிந்த்வின் என்கிற ஆற்றில்
பாலம் போடும்போதாம்.
பார்சலில் சீப்பு ஒன்று, கம்பளிச் சட்டை ஒன்று,
பதினோரு ரூபாய், சைக்கிள் மணி ஒன்று.
மணி வரவு."

புரட்டிய பக்கத்துக்குத் திரும்பிப் போனேன்.

எதற்குக் கழற்றினான்?
பஸ் கூரையில் உதிர்ந்துவிடும் என்றா?
கண்மாய் வற்றினால் சைக்கிள் ஓட்டுகிற ஊர்க்காரன்,
அக்கரை தெரியாத ஆற்றோரம்,
பூட்ஸ் காயாத ராத்திரிகளில்
ஒரு தடவையாவது அடித்துப் பார்த்தானா?
சத்தம் கேட்டால் சுட்டுவிடுவார்கள்.
உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
அடித்திருப்பான்,
எலும்புக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அதற்குக் கீழே பென்சிலில், கையெழுத்து கோணி:
"வாடகையைத் தள்ளப் போனேன்.
தள்ளாதே என்றது அந்தப் பொம்பளை.
வாங்கினவன் வந்துதான் தீர்க்கணும் என்றது.
ஆகையால் இந்தப் பற்று அடிக்கவில்லை."

திருநகரிலிருந்து மாசம் ஒரு தடவை
என் ஆடிட்டர் வருவார்.
மூணு வருஷம் தாண்டினால் வராக்கடன் சார்,
தள்ளிவிடுங்கள் என்பார்.
தள்ளுகிறேன். லாரிக்காரர்கள் பெயர் எத்தனையோ
சிவப்பு மையில் போயிருக்கிறது.

இதை அவருக்குக் காட்டுவதில்லை.
கல்லாவுக்கு அடியில், பாலிதீன் உறையில் இருக்கிறது.
மணிக்கு ஓரணா.
எடுத்தது காலை ஐந்தரை.