வரி கொடுப்பவர்

பிப்ரவரிக் கடலுக்குள் இடுப்பளவு போய்விட்டேன்.
நட என்றார், நடந்தேன்.
படகில் நண்டுக்கூண்டு ஏற்றிக்கொண்டிருந்த ஃபின்லே
நடக்காதேடா என்று கத்தினான்.
இரண்டு குரலில் ஒன்றுக்குத்தான் கை இருந்தது.
அது என் காலரைப் பிடித்தது.

ஸ்டோர்னோவே ஆஸ்பத்திரியில் பதினோரு வாரம்.
மனச்சிதைவு என்று எழுதினார்கள்.
சிதையவில்லை ஐயா,
எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திப் போனதுதான்
என் தொல்லை.

ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் எஃபி வருகிறாள்,
காரின் பின்சீட்டில் ஊசிப்பெட்டி, ஈர நாய்.
இந்த மருந்து அவரையும் கொன்றுவிடுமா என்று கேட்டேன்.
"போன தடவை இடது பக்கமா வலது பக்கமா,
முதலில் அதைச் சொல்" என்றாள்.

போதகரும் வந்தார். நல்ல மனிதர், முழங்கால்வலிக்காரர்.
தீங்கு செய்யச் சொல்லும் குரல்
தேவனுடையதாய் இருக்காது என்றார்.
மகனைக் கட்டி விறகின்மேல் கிடத்தச் சொன்னது
யார் என்றேன்.
வெகுநேரம் சும்மா இருந்தார்.
பிறகு எழுந்துபோய் என் தேநீர்க் கோப்பைகளைக் கழுவினார்,
நான்கு நாள் கோப்பைகள்.

இரவில் பெயர்சொல்லி அழைக்கப்பட்ட அந்தச் சிறுவனுக்கு
ஓடிப்போய்க் கேட்க ஓர் ஆசாரியன் இருந்தான்,
அதே கூரையின் கீழ்.
என் கூரையின் கீழ் சலவை இயந்திரம்.
அதற்கும் என் பெயர் தெரிந்திருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும்,
எஃபியின் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
எல்லாமே மிரட்டல் அல்ல.
சதுப்பில் கரிமண் வெட்டிய ஒரு மாலை
காயப்போட்ட கட்டிகள் ஒவ்வொன்றும்
நீ மன்னிக்கப்பட்டாய் என்றன,
வரிசை குலையாமல், வானம் இருட்டும்வரை.
அந்த மாலையையும் சேர்த்து
நோயின் பெயருக்கு எழுதிக்கொடுக்க
இன்னும் மனம் வரவில்லை.

இப்போது ஜெபித்தால் பதில் கிடையாது.
போதகரிடம் சொன்னேன்.
முழங்காலைத் தடவிக்கொண்டே,
"எனக்கும்தான், டார்க்வில்,
முப்பது வருஷமாய்" என்றார்.

ஞாயிறு. எங்கள் சபையில் வாத்தியம் இல்லை.
முன்னால் ஒருவர் எழுந்து கேலிக் சங்கீதத்தின்
ஒரு வரியைத் தனியே கொடுப்பார்.
மற்றவர்கள் அதை வாங்கி
அவரவர் மூச்சுக்கு இழுத்து நெளித்து
முந்தியும் பிந்தியும் கரைக்கு வருவார்கள்.
எது யார் குரல் என்று அங்கே தெரியாது.
யாரும் விசாரிப்பதுமில்லை.
நானும் வாயைத் திறக்கிறேன்.

ஈரக் கம்பளி வாசம்.
பின்வரிசையிலிருந்து யாரோ
புதினா மிட்டாய் வேண்டுமா என்கிறார்கள்.
முதலில் கை இருக்கிறதா என்று பார்க்கிறேன்.
பிறகு வாங்கிக்கொள்கிறேன்.