இரண்டு மடங்கு

ஸஜா முகாமிலிருந்து ஜெபல் அலிக்கு
கம்பெனி பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம்.
அதில் முக்கால் மணி தூக்கம்,
மிச்சம் ஜெனோவாவுக்கு.

இங்கே வாட்ஸப்பில் கூப்பிட முடியாது,
பேசி அனுப்பலாம்.
அனுப்புவாள். நாலு நிமிடம், ஏழு,
ஒருமுறை பதினொன்று.
கேஸ் வராதது, வீட்டுக்காரர் வாடகை ஏற்றியது,
அவள் அப்பாவின் சர்க்கரை,
ரெனிஷா கணக்கில் வாங்கிய பதினாலு.

பக்கத்து சீட்டு ஷொஹாக்தான் காட்டித் தந்தான்
திரையோரத்தில் அந்தச் சின்ன எண்ணை.
தொட்டால் குரல் இரண்டு மடங்கு ஓடும்.
பதினொன்று ஐந்தரை ஆயிற்று.
அழுகைகூடச் சீக்கிரம் முடிந்தது.

ரெனிஷாவும் அப்படித்தான் போனில் பாடம் கேட்கிறாளாம்.
"ஸ்கூல்லதான் மிஸ்ஸை ஓட்டவே முடியலப்பா."
சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றை அனுப்பிவைத்தேன்.

நேற்று ஞாயிறு.
அறையில் எவனோ வைஃபைக்குப் பணம் கட்டியிருந்தான்,
போட்டிமில் நேராகவே கிடைத்தாள்.
"என்னங்க" என்றாள்.
அந்த என்னங்க முடிவதற்குள்
குழாயில் ஒரு வாளி நிரம்பியிருக்கும்.

காய்ச்சலா, ஏன் இப்படி இழுத்து இழுத்துப் பேசுற?

பதில் இல்லை.
கட் ஆகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்,
முகம் இருந்தது.
"நான் உங்களைக் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள்.

அதற்குப் பிறகு
அவள் பக்கம் குக்கர் மூன்று விசில் விட்டது.
ஒரு விசிலுக்கும் அடுத்ததற்கும் நடுவில்
இவ்வளவு நேரம் இருக்கும் என்பது
எனக்கு மறந்தே போயிருந்தது.