கம்பியை விட்ட கழி

பதினொரு வருடமாக என் கையால்தான் கொடுத்தேன்.
மாதம் இரண்டு பெட்டி.
சர்க்கரைக்கு மெட்ஃபார்மின்,
நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல்.
இது சாப்பாட்டோடு, தோன் எவரிஸ்தோ,
அது வெறும் வயிற்றில்.
ஒவ்வொரு முறையும் சொல்வேன்.
ஒவ்வொரு முறையும் முதல்முறை கேட்பதுபோலத் தலையாட்டிவிட்டுச்
சில்லறையை எண்ணி வைப்பார்.

வால்பராய்ஸோவில் மின்பேருந்து ஓட்டுகிறவர்
எவரிஸ்தோ கிலோத்ரான்.
சுங்கச்சாவடி வளைவில்
கூரைமேல் கழி கம்பியை விட்டு நழுவும்.
வண்டி மூச்சடைத்து நிற்கும்.
இறங்கிப்போய்ப் பின்னால் தொங்கும் கயிற்றை இழுத்து
நீலப் பொறி ஒன்று தெறிக்க
மறுபடி பொருத்துவார்.
அதற்குள் பாதிப் பேர் திட்டிக்கொண்டே நடந்திருப்பார்கள்.

முதலில் போனது ஒரு செருப்பு.
குன்றேறும் இழுவைப்பெட்டியில் எங்கோ கழன்றிருக்கிறது.
ஒரு கால் வெறுங்கால் என்று
வாசலில் நேலிடா சொல்லித்தான் தெரிந்தது.
சிரித்தார்கள் இருவரும்.

பிறகு குளியலறை.
தலைக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால்
தரை எங்கே என்று காலுக்குத் தெரியவில்லை.
சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் கையால் குளித்தார்.
இதை நேலிடாவிடம் சொல்லவில்லை.

சர்க்கரை என்றால் நரம்பைத் தின்னத்தான் செய்யும்
என்றார்கள் மருத்துவமனையில்.
சர்க்கரையின்மேல் எந்தப் பழியும் ஒட்டும்.
மரமரப்புக்கு இன்னொரு மாத்திரை எழுதினார்கள்.
அதையும் நான்தான் கொடுத்தேன்.

ஆகஸ்ட்டில் ஒரு மழைநாள்.
மிதி எங்கே என்று குனிந்து பார்த்திருக்கிறார்,
ஓட்டப் பழகும் பையனைப்போல.
நிமிர்ந்தபோது குறுக்கே ஒரு தெருநாய்.
ஒரு சாண் இடைவெளியில் நின்றது வண்டி.
நாய் நடுரோட்டில் உட்கார்ந்து
காதைச் சொறிந்துகொண்டது.
மாலையே சாவியைக் கொடுத்துவிட்டார்.

என்னிடம் வந்தது வேறொன்றுக்காக.
நாக்கு எரிகிறதாம், எம்பனாடா தின்ன முடியவில்லையாம்.
காட்டுங்கள் என்றேன்.
மேடுபள்ளம் எதுவும் இல்லாமல்
கழுவிக் கவிழ்த்த தட்டுபோல
வழவழப்பாக ஒரு நாக்கு.

அங்கே, கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி,
நான் கொடுத்த பெட்டிகளைக் கூட்டிப் பார்த்தேன்.
ஞாயிறுதோறும் கரிமேல் மாட்டிறைச்சி வாட்டுகிறவர்.
பி12 குறையுமென்று யார் நினைப்பார்?
ஆனால் இறைச்சியிலிருந்து அதைப் பிரிக்கும் அமிலத்தை
ஒரு மாத்திரை அடக்கிவைத்தது.
பிரிந்து வந்த கொஞ்சத்தையும்
குடலின் கடைசி வாசலில் மற்றது தடுத்தது.
கல்லீரல் பழைய சேமிப்பிலிருந்து
எடுத்து எடுத்துக் கொடுத்திருக்கிறது
வருடக்கணக்காக, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல்.

மாத்திரைகள் ஏமாற்றவில்லை.
சர்க்கரை அடங்கித்தான் இருந்தது,
நெஞ்சும் எரியவில்லை.
சாப்பாட்டோடு, வெறும் வயிற்றில் என்று
ஓதிக்கொண்டிருந்த நான்
ஒருமுறை இதையும் சொல்லியிருக்கலாம்.

ரத்தம் எடுத்தார்கள். தொண்ணூற்றாறு.
இருநூறாவது இருக்க வேண்டும்.
ஊசிமருந்து அடர்சிவப்பு,
குப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் மாதுளைச் சாறு.
ஒன்றுவிட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று,
பிறகு மாதம் ஒன்று.
மெட்ஃபார்மின் தொடர்கிறது.
இப்போது பெட்டியின் ஓரத்தில்
எத்தனையாவது வருடம் என்று பென்சிலால் எழுதுகிறேன்,
எல்லோருடைய பெட்டியிலும்.
இது என்ன என்று கேட்பவர்களும் உண்டு.
கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நாக்கு முதலில் திரும்பியது.
வலதுகால் கோடையில்.
இடதுகால் சுண்டுவிரல் இன்னும் வரவில்லை,
வருமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை.
வண்டியும் திரும்பக் கிடைக்கவில்லை.
பணிமனையில் கயிறுகளைச் சரிபார்க்கிறார்.

நேற்று கடைக்கு நொண்டியபடி வந்தார்.
பயந்துபோய் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
உட்காராமல் ஷூவைக் கழற்றி
கல்லாவின்மேல் கவிழ்த்தார்.
உளுந்தளவு ஒரு கல்.

"கடற்கரையிலிருந்து குத்திக்கொண்டே வருகிறது,
எடுக்க மனசு வரவில்லை" என்றார்.