தலை நரைக்காத வீடு

தாதி மூன்றாம் முறையும் வந்து கேட்டாள்,
பிள்ளைக்கு என்ன பெயர் என்று.
யன்னலுக்கு வெளியே எல்ஸ்மியர் வீதியில்
உப்பு லொறி ஒன்று இறைத்துக்கொண்டு போனது.

எங்கள் சபை ஸ்காபரோவில், ரயர் கடைக்குப் பக்கத்தில்.
மாமா ஆசீர்வதிக்கக் கை தூக்கும்போது
சுவருக்கு அப்பால் காற்றடிக்கிற மெசின் சீறும்.
சனம் அதற்கும் ஆமென் சொல்லும்.

ஞாயிறு மத்தியானம், ஜெபம் முடியமுன்னமே
என் புருஷன் குசினிக்குள் போவான்.
ஆட்டுக்கறிச் சட்டிக்குள் பெரிய முள்ளுக்கரண்டியை இறக்கி
ஏறினதெல்லாம் எடுப்பான்.
கொழுப்புத் துண்டு தமையனுக்கு.
வரிசையில் நின்றவர்களுக்கு உருளைக்கிழங்கு.
அந்தக் கோப்பையில் நானும் சாப்பிட்டேன்.
நானும்.

பிறகு கட்டட நிதி.
பிறகு, பாட்டுக் குழுவில் நின்று
ஒரு கிழமையோடு வராமல் விட்ட பிள்ளை.
அவள் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.
மாமா கூப்பிட்டுச் சொன்னார்:
"வேண்டாமடா தம்பியள், சனம் கதைக்குது."
சொல்லிவிட்டு, கண் மங்கின மனுஷன்,
தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

தை மாதம், மைனஸ் இருபத்தாறு.
விமான நிலையத்தில் இரவெல்லாம் கழிவறை துடைத்துவிட்டு
நேரே வந்தாள் பரஞ்சோதியக்கா.
சப்பாத்துப் பனி கம்பளத்தில் கரையக் கரைய
நடுவழியில் நின்றாள்.
"ஐயா, உங்கட வீட்டில இனி ஒருத்தருக்கும் தலை நரைக்காது.
ரெண்டு விளக்கும் ஒரே இரவில."
மைக் கொடுக்கவில்லை.
கடைசி வரிசைக்கும் கேட்டது.
"அவருக்குச் சரியெண்டு பட்டால் செய்யட்டும்" என்றார் மாமா.
பணிவு என்று நினைத்தோம்.
சோம்பல் அது.

மாசி பதினொன்று. நானூற்றொன்றில் கறுப்பு ஐஸ்.
ஒரே காருக்குள் இரண்டு பேரும்.
வாசலடியில் சுழல்கதிரையில் காத்திருந்தவர்
பெடியள் போனதைக் கேட்டும் அசையவில்லை.
சபைக்கு வங்கிக்காரர் பூட்டு மாற்றிவிட்டார்கள்
என்றபோதுதான் கதிரை பின்னால் சாய்ந்தது.
கழுத்து.
எனக்கு வலி பிடித்ததும் அப்போதுதான்.

சீலோவிலும் இப்படி ஒருத்தி பெற்றாளாம்,
மகிமை போயிற்று என்று பிள்ளைக்குப் பெயர் வைத்துச் செத்தாளாம்.
நான் சாகவில்லை.
போவதற்கு இங்கே மகிமை எப்போது இருந்தது?

வேலை உடுப்போடு கதிரையில் தூங்குகிறாள் பரஞ்சோதியக்கா,
மடியில் சூப் போத்தல்.
எழுப்பிக் கேட்கப் பயம்: இவனும் அந்தக் கணக்கிலா?

படிவத்தை வாங்கினேன்.
குடும்பப் பெயருக்கான பெட்டியை வெறுமையாக விட்டேன்.
பிள்ளையின் தலையை முகர்ந்தேன்.
ஈரமான கறுப்பு மயிர்.
ஒன்றையாவது நரைக்க விடும்.