மீதி ஆறு

ஈதில் ஆறு உறைந்துகிடந்த மாதம்.
மைக்கூட்டைக் கக்கத்தில் இடுக்கிச் சூடேற்றித்தான்
எழுத முடிந்தது செவுண்டிக்கால்.
தலைவரிக் கணக்கு, ஆட்டுக் கணக்கு,
வலைக்கு வராமல் போன மீனுக்கும் ஒரு கணக்கு.

கூடாரத் திரையை விலக்கி வந்தவள்
தோளில் விழுந்த பனியை உதறவில்லை.
துலூன்பிக்கே. கராபுகா தர்கானின் மனைவி.
விதவை என்று சொல்ல
இன்னும் யாருக்கும் வாய் பழகவில்லை.

ஒரு சுருளை அவன்முன் விரித்தாள்.
சிவப்பு முத்திரையில் ஓரம் உடைந்திருந்தது.
"உன் கையெழுத்துதானே? படி."

இவன் மந்தையை எவரும் எண்ணலாகாது.
வேட்டையில் இவன் வீழ்த்தியது இவனுக்கே.
அழையாமலும் கானின் கூடாரத்தில் நுழையலாம்.
ஒன்பது குற்றம்வரை விசாரணை இல்லை.
இவை யாவும் இவன் வீட்டாருக்கும் ஆகும்.

"தர்கான் என்றால் என்ன?"

எழுதிய அன்று அவனும் இதைக் கேட்டு அலைந்திருந்தான்.
'ஆதியில் இரும்படித்தவனுக்குக் கொடுத்த பேர்'
என்றான் கொல்லன்;
சாட்சிக்குச் சம்மட்டியைத் தூக்கிக் காட்டினான்.
குவாரிஸ்மிலிருந்து கம்பளம் கொண்டுவந்தவன் சிரித்தான்:
'அது உங்கள் சொல்லே இல்லையப்பா.
கிழக்கே பழங்கற்களில் பலரைக் குறிக்கும்போது
தர்காத் என்றுதான் வெட்டியிருக்கிறதாம்.
துருக்கி நாக்கில் அப்படியொரு வால் முளைக்குமா?
யாரிடமோ வாங்கியது.
கொடுத்தவர்கள் எங்கே என்று கேட்காதே,
விலாசம் வைக்காமல் போன கூட்டம்.'
வரி தண்டுபவன் சொன்னதுதான் சுருக்கம்:
'நான் குதிரையைவிட்டு இறங்காத வாசல்.'

(அந்தக் கூடாரத்தில் எனக்கு இடமில்லை.
இருந்திருந்தால் நானும் ஒன்று சொல்லியிருப்பேன்:
இறையிலி.
இறை என்றால் வரி. இறை என்றால் வேந்தன்.
இரண்டுமே இல்லாதவன்
எந்த வேந்தன் சொல்லுக்காகப்
பனிமேல் குதிரையை இறக்கினான்?)

"பலரும் பலவிதம் சொல்கிறார்கள், அம்மணி."
"போகட்டும். ஒன்பதில் எத்தனை செலவு?"

ஏட்டைப் புரட்டினான்.
ஒன்று: கானின் மைத்துனனை விருந்தில்
கிடாய் என்று அழைத்தது.
இரண்டு: தூதனுக்கு மாற்றுக் குதிரை மறுத்தது.
மூன்று: கட்டிவைத்த கைதியை
இரவோடு இரவாக அவிழ்த்துவிட்டது.
காரணம் குறிக்கப்படவில்லை.

"குறித்துக்கொள்.
அந்தக் கைதிக்கு என் செத்த அண்ணன் ஜாடை."
அவள் முகத்தில் ஏதோ வந்து
உட்காராமலே போயிற்று.

"மீதி ஆறு" என்றான்.
"அதில் ஒன்றை இன்று செலவழிக்கலாமென்று வந்தேன். எழுது.
நான்காம் குற்றம்:
பனி இறுகாத வாரத்தில்
எண்ணூறு குதிரைகளை ஆற்றின்மேல் நடத்தச் சொன்னது.
தாங்கும் என்று சொன்னது.
கரையில் நின்று சொன்னது.
செய்தவர்: கான்."

எழுதுகோல் நின்றது.
வெளியே ஒரு நாய் பனியைச் சுரண்டும் சத்தம்.

"கான் குற்றம் செய்வதில்லை, அம்மணி."

"அப்படியா?
அப்போது மன்னிப்பு அவருக்குத் தேவைப்படாது."
சுருளைச் சுருட்டினாள், அவசரமில்லாமல்.
"எதற்கும் யோசித்துப் பார்.
மன்னித்தாயிற்று என்றால் ஐந்து என்று போடு.
இல்லையென்றால் உள்ளபடி போடு."

திரை விழுந்தது. அவள் நின்ற இடத்தில்
கொஞ்சம் பனி மட்டும் உருகாமல் கிடந்தது.

செவுண்டிக்குக் குற்றம் ஒன்றுகூட இலவசமில்லை.
ஐந்து என்று போட்டால்
கான் தவறினார் என்றாகும்; தலை போகும்.
மை கட்டியாகத் தொடங்கியிருந்தது.
கோல் முனையை நாக்கில் தொட்டு ஈரமாக்கினான்.

கராபுகா பெயருக்கு நேரே,
நாளை எந்த அதிகாரி பார்த்தாலும்
புருவம் உயர்த்தாத எழுத்தில்
எழுதினான்:

மீதி ஆறு.

பிறகு மீன் கணக்குக்குத் திரும்பினான்.